நகரமாந்தர்

மந்திரி மறுபடியும் சிரித்துவிட்டார்.

அழ வேண்டிய இடம் அது. ஆறு ஏறிக்கொண்டிருக்கிறது, கரை தாங்காது என்று மன்னனிடம் சொல்ல வேண்டும். "மன்னா, கரை..." என்று தொடங்குவார். மன்னனாக நிற்கும் காசாளரை நிமிர்ந்து பார்ப்பார். தோள் குலுங்க ஆரம்பித்துவிடும்.

"நான் என்ன சார் பண்றது?" என்றார் மந்திரி. அலுவலகத்தில் அவர் தட்டச்சர். "காலையில இவர் கால்குலேட்டரைக் காணோம்னு என் மேசைக்கு அடியில தவழ்ந்துட்டு இருந்தார். கிரீடத்தோட நின்னாலும் எனக்கு அதுதான் கண்ணு முன்னாடி வருது."

"உங்க மேசைக்கு அடியிலதானே கிடந்துச்சு?" என்றார் மன்னர்.

காப்பியம் கையிலிருந்த பிரதியை மூடினார்.

காப்பியம் என்பது அவர் பெயர் இல்லை. அந்தக் காப்பீட்டு நிறுவனத்தின் கிளையில் எல்லோரும் அவரை முதுகுக்குப் பின்னால் அப்படிக் கூப்பிட்டார்கள். ஒருநாள் யாரோ வாய் தவறி முகத்துக்கு நேரே கூப்பிட்டுவிட, அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து நேரிலும் அதுவே.

இலக்கியம் படித்துவிட்டு இழப்பீட்டுப் பிரிவுக்கு வந்தவர். இரண்டும் ஒன்றுதான் என்பது அவர் கருத்து. அடுப்பை அணைக்காமல் ஊருக்குப் போன குடும்பத்தின் விண்ணப்பம் வந்தால் மற்றவர்கள் சேதத்தைப் பார்ப்பார்கள். அவர் தலைவனின் பிழையைப் பார்ப்பார். 'நல்லவன். ஒரே ஒரு பிழை. ஆகவே வீழ்ச்சி' என்று ஓரத்தில் பென்சிலால் எழுதுவார். மேலாளர் அழிக்கச் சொல்வார். அழிப்பார். அடுத்த விண்ணப்பத்தில் எழுதுவார்.

காப்பியத்தில் ஒவ்வொரு வீரனுக்கும் பிரியாத அடைமொழி ஒன்று உண்டு. அலுவலகத்திலும் எல்லோருக்கும் கொடுத்திருந்தார். சில்லறை மறவாக் காசாளர். இருமுறை தட்டும் தட்டச்சர். கதவு நோக்கி அமர்ந்த மேலாளர்.

கதவு நோக்கி அமர்ந்த மேலாளர்தான் இந்த நாடகத்துக்குக் காரணம். நிறுவனம் கிளைகளுக்கிடையே நாடகப் போட்டி வைத்திருந்தது. தலைமை அலுவலகம் அனுப்பும் நடுவர் கிளை கிளையாக வந்து பார்ப்பார்.

"பரிசு வாங்கிட்டீங்கன்னா உங்களைப் பயிற்சி மையத்துக்கு மாத்தச் சொல்லி நானே எழுதுறேன்," என்று மேலாளர் சொல்லியிருந்தார். "மேடையில பேசறது, நிக்கறது எல்லாம் சொல்லிக்கொடுக்க அங்க ஆள் தேடுறாங்க."

பயிற்சி மையத்தில் கரும்பலகை இருந்தது. காப்பியத்துக்கு வாழ்க்கையில் வேண்டியது அவ்வளவுதான்: ஒரு கரும்பலகை, எழுந்து போக முடியாத சிலர்.

எனவே நாடகத்தை அவரே செய்யுளில் எழுதினார். ஆற்றங்கரையில் தனக்குச் சிலை வைத்த மன்னனின் கதை. கரையை உயர்த்தச் சொல்கிறார்கள். உயர்த்தினால் சிலை மறைந்துவிடும் என்று மறுக்கிறான். ஆறு வருகிறது. செருக்கு, பிழை, வீழ்ச்சி எல்லாம் இலக்கணப்படி இருந்தன. மந்திரி சிரிப்பது மட்டும் இலக்கணத்தில் இல்லை.

"நீங்க குழுவுக்குப் போயிடுங்க," என்றார் காப்பியம்.

"குழுன்னா?"

"பழைய நாடகத்துல குழுன்னு ஒண்ணு உண்டு. நகரமாந்தர். ஓரமா நிப்பாங்க. அவங்களுக்கு எல்லாம் தெரியும், ஆனா எதையும் செய்ய மாட்டாங்க. ஒரே குரல்ல வருத்தப்படுவாங்க."

"நம்ம வாடிக்கையாளர் சேவைப் பிரிவு மாதிரி."

"சிரிப்பு வந்தா துணியை முகத்துல இழுத்து விட்டுக்குங்க. கூட்டத்துல ஒருத்தர் தோள் குலுங்கினா அழற மாதிரிதான் இருக்கும்."

தபால் பிரிவிலிருந்து இரண்டு பேர் ஏற்கனவே குழுவில் நின்றார்கள். தட்டச்சர் மூன்றாமவராகப் போய் நின்றார். மந்திரியின் வரிகளைத் தூதனுக்குக் கொடுத்தாயிற்று. சிக்கல் தீர்ந்தது என்று காப்பியம் நம்பினார். அவருக்கு எதையும் நம்புவதில் சிரமம் இருந்ததில்லை.

தூதன், விபத்து நடந்த இடங்களைப் போய்ப் பார்த்து வரும் ஆய்வாளர். பழைய அவல நாடகத்தில் சாவை மேடையில் காட்ட மாட்டார்கள். தூதன் ஓடிவந்து சொல்வான், கேட்பவர் நெஞ்சு நடுங்கும். ஆய்வாளர் ஓடி வந்தார். மூச்சு வாங்கினார். அதுவரை நன்றாக இருந்தது.

"சம்பவ இடத்தை நேரில் பார்வையிட்டேன் மன்னா," என்றார். "அரசியார் நீரில் மூழ்கிய நிலையில் காணப்பட்டார். சேதம் முழுமையானது. அரசியார் தரப்பிலும் கவனக்குறைவு உள்ளது."

"நான் எழுதினது எங்க?" என்று கேட்டார் காப்பியம்.

"அதேதான் சார். வரி கூடிப்போச்சா, மறந்துடுது. வாய்க்கு வர்ற மாதிரி சொல்லிட்டேன்."

"அரசி செத்துட்டாங்க. அழுதுகிட்டே சொல்லணும்."

"அழுதுகிட்டே அறிக்கை கொடுத்தா மேலிடத்துல திருப்பி அனுப்பிடுவாங்க சார்."

"என் தரப்புல என்னங்க கவனக்குறைவு?" என்று செத்துப்போன அரசி கேட்டார். அவர் வரவேற்பு மேசையில் இருப்பவர்.

"வெள்ளம் வர்ற நேரத்துல ஆத்தங்கரையில உங்களுக்கு என்ன மேடம் வேலை?"

ஆய்வாளரும் குழுவுக்குப் போனார். தூது இனி ஒருவர் சொல்வதில்லை, நகரமே சொல்லும். எழுதிப் பார்த்தபோது காப்பியத்துக்கே உடல் சிலிர்த்தது. நாலு பேர் ஒரே குரலில் "நீரே வாசலாயிற்று, வாசலே நீராயிற்று" என்றபோது ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த காசாளர் கையிலிருந்த டீயைக் குடிக்க மறந்துவிட்டார்.

குழு நன்றாக இருந்தது. அதுதான் அடுத்த சிக்கல்.

அரசிக்குப் பக்கமொழி நிறைய உண்டு. அரசி முகத்தைத் திருப்பிப் பார்வையாளரிடம் பேசுவாள். மேடையில் இருப்பவர்களுக்கு அது கேட்காது. "இவன் கண்ணுக்குச் சிலை தெரிகிறது, ஆறு தெரியவில்லை" என்று அரசி திரும்பிச் சொன்னதும் மன்னர் கிரீடத்தைக் கழற்றினார்.

"என்னம்மா சொன்னீங்க?"

"அது உங்களுக்குக் கேட்காது சார்," என்றார் காப்பியம்.

"ரெண்டடி தள்ளி நிக்கிறேன். தெளிவாக் கேட்குது."

"கேட்காத மாதிரி இருக்கணும். அது மரபு."

"கடைசி வரிசைக்குக் கேட்குது. எனக்குக் கேட்காதா? அவ்வளவு செவிட்டு மன்னனை யாரு சார் அரியணையில வச்சது?"

"எங்க வீட்டுல தினம் நடக்குதுங்க," என்றார் அரசி. "அவர் டீவி பார்க்கும்போது நான் பேசறது பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். அவருக்குக் கேட்காது."

"என் மனைவி இதைப் பார்க்க வர்றா. ஒருத்தி என்னை நிக்க வச்சுத் திட்டுறா, நான் சும்மா நிக்கிறேன்னு பார்த்தா, அப்புறம் வீட்டுல அதுவே பழக்கமாயிடும்."

ஒவ்வொரு பக்கமொழிக்கும் மன்னர் பதில் சொன்னார். அரசி பதிலுக்குப் பதில் சொன்னார். கடைசியில் அரசி வந்து, "சார், நானும் அங்கேயே போயிடறேன். அவங்க ஜாலியா இருக்காங்க. திட்டறதைக் கூட்டமாத் திட்டினா இவருக்குக் கோபம் வராது," என்றார். அது உண்மையாக இருந்தது. ஒருவர் திட்டியபோது பொறுத்துக்கொள்ளாத மன்னர், ஐந்து பேர் திட்டியபோது பெருமையாக நின்றார்.

காப்பியத்தின் வீட்டில் அவர் மனைவி கறுப்புத் துணி தைத்துக்கொண்டிருந்தார். குழுவில் ஆளுக்கு ஒன்று, தலையிலிருந்து இடுப்பு வரை போர்த்திக்கொள்ள. சாயங்காலம் காப்பியம் வரும்போதெல்லாம் எண்ணிக்கை கூடியது.

"இன்னிக்கு யாரு?" என்று கேட்டார் மனைவி.

"அரசி."

"சரியா செய்யாத ஆளையெல்லாம் ஒரே இடத்துல கொண்டுபோய்ச் சேர்த்து வைக்கிறீங்க. அந்த இடம் எப்படிங்க உருப்படும்?"

"குழுதான் இப்ப நாடகத்துக்கே உயிர்."

"உங்க மன்னன் என்னதான் தப்புப் பண்றான்?"

"யார் சொன்னாலும் கேட்க மாட்டான். தனக்கு எல்லாம் தெரியும்னு நினைப்பு."

மனைவி நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். அவரை ஒரு பார்வை பார்த்தார்.

"கஷ்டப்பட்டு யோசிச்சு எழுதினீங்களா, தானா வந்துச்சா?"

"தானா வந்தது," என்றார் காப்பியம் பெருமையாக.

குழு மேடையோடு நிற்கவில்லை. பழக்கம் மேசைக்கு வந்துவிட்டது. ஆய்வாளர் தாமதமாக வந்த ஒரு காலையில் மேலாளர் அறையிலிருந்து வெளியே வந்து, "இதுதான் கடைசித் தடவை," என்றார். தபால் பிரிவிலிருந்தும் வரவேற்பு மேசையிலிருந்தும் தட்டச்சு இயந்திரத்துக்குப் பின்னாலிருந்தும் ஒரே குரல் எழுந்தது:

"கடைசி எதுவென்று அறிந்தவர் யார்?"

மேலாளர் சுற்றிலும் பார்த்தார். எல்லோரும் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஆய்வாளர் மட்டும் தன் பங்கை அடக்க முடியாமல் கொஞ்சம் பிந்திச் சொன்னார்: "அறிந்தவர் யார்?"

இன்னொரு நாள் ஒரு வாடிக்கையாளர் வந்தார். வண்டியில் லாரி உரசிய விவகாரம். மேசை மேசையாக அலைந்து, கடைசியில் காப்பியத்தின் எதிரே உட்கார்ந்து கதையைச் சொன்னார். சொல்லி முடித்ததும் அறை முழுவதும் ஒரே மூச்சில் "அந்தோ" என்றது. வாடிக்கையாளர் கண் கலங்கிவிட்டார்.

"எத்தனை நாளா அலையறேன் தெரியுமா சார்? இன்னிக்குத்தான் ஒருத்தர் காது கொடுத்துக் கேட்டிருக்கீங்க."

அவர் விண்ணப்பம் என்ன ஆயிற்று என்று பிறகு அவர் கேட்கவே இல்லை. ஒத்திகைக்கு மட்டும் தவறாமல் வந்தார். குழுவில் நல்ல கனத்த குரல். அவர் மைத்துனரும் வந்தார். மாடியில் இருந்த பல் மருத்துவரின் உதவியாளர், மருத்துவர் விடுப்பில் இருப்பதால் பொழுது போகவில்லை என்று வந்தார். வருகிறவரைக் காப்பியம் தடுக்கவில்லை. நகரம் என்றால் நாலு பேர் வரத்தான் செய்வார்கள்.

மேலாளர் காப்பியத்தை உள்ளே கூப்பிட்டார்.

"என்ன சார் நடக்குது? நேத்து நான் போன்ல மண்டல மேலாளர்கிட்ட 'எல்லாம் கட்டுக்குள்ள இருக்கு'ன்னு சொல்றேன், வெளியில கூட்டமா 'ஐயகோ'ன்னு சத்தம் வருது."

"அது பயிற்சி சார். உங்களுக்கும் ஒரு பாத்திரம் வச்சிருக்கேன்."

மேலாளரின் முகம் இளகியது. "மன்னனா?"

"அதுக்கும் மேல. முடிச்சை யாராலயும் அவிழ்க்க முடியாதபோது மேலிருந்து தெய்வம் இறங்கும். பழைய நாடகத்துல அதுக்குன்னே ஒரு பொறி வச்சிருந்தாங்க. நீங்க இறங்கினாத்தான் ஆறு வடியும்."

"எதுல இறங்கணும்?"

"ஏணியில."

மேலாளர் யோசித்தார். உயரம் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. ஆனால் தெய்வம்.

"சரி. ஆனா ஒரு விஷயம். எங்க அத்தை அன்னிக்கு வருவாங்க. பள்ளிக்கூடத்துல வேலை பார்த்து ஓய்வு வாங்கினவங்க. எதைப் பார்த்தாலும் 'இது ஏன் இப்படி, அது ஏன் அப்படி'ன்னு கேட்டுக்கிட்டே இருப்பாங்க. சும்மா உட்கார வச்சா நாடகத்தையே நிறுத்திடுவாங்க. உங்க குழுவுல ஒரு ஓரமா நிறுத்திடுங்க. அவங்க மனசு கோணக் கூடாது."

"என்கிட்ட விட்டுடுங்க சார்."

அன்று மாலை மனைவியிடம் இன்னொரு துணி தைக்கச் சொன்னார்.

நாடகத்தன்று மேல்மாடியில் பதிவேடுகளை ஒதுக்கி மேடை போட்டிருந்தார்கள். கதவுக்கு நேரே மூன்றடி உயரப் பலகை, பின்னால் நீலத் துணி, அதற்குப் பின்னால் ஏணி. முன்வரிசை நடுவில் மெத்தை வைத்த நாற்காலியில் 'நடுவர்' என்று அட்டை ஒட்டியிருந்தது. ஊழியர் குடும்பங்களும் வாடிக்கையாளர்களும் வந்து நிரம்பிக்கொண்டிருந்தார்கள்.

மேலாளர் வெள்ளை அங்கியோடு முன்னதாகவே ஏணியில் ஏறிவிட்டார். ஒருமுறை ஏறினால் ஏறியதுதான், இறங்கி மறுபடி ஏறத் தன்னால் முடியாது என்று சொல்லியிருந்தார். துணிக்குப் பின்னாலிருந்து, "ஆரம்பிச்சாச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

அப்போதுதான் மன்னர் வந்து கிரீடத்தைக் காப்பியத்தின் கையில் கொடுத்தார்.

"எனக்கு இது வேண்டாம் சார்."

"என்ன விளையாட்டு இது?"

"அந்தத் தனிமொழி எனக்கு ஒத்துவரல. மேடையில நான் மட்டும் நின்னு பேசறேன். யார்கிட்ட பேசறேன்?"

"யார்கிட்டயும் இல்ல. மனசுல இருக்கறதை வாய்விட்டுச் சொல்றீங்க."

"மனசுல இருக்கறதை நான் வாய்விட்டுச் சொன்னா வேலை பார்க்க முடியுமா?" காசாளர் குரலைத் தாழ்த்தினார். "அது மட்டுமில்ல. அவங்க எல்லாரும் ஒண்ணா நிக்கிறாங்க. ஒண்ணா டீ குடிக்கிறாங்க. நேத்து அவங்களுக்குள்ள ஏதோ சொல்லிச் சிரிச்சாங்க, என்னன்னு கேட்டா, 'மன்னனுக்குச் சொல்லக் கூடாது'ங்கிறாங்க. எனக்கும் ஒரு துணி கொடுங்க சார். கெஞ்சிக் கேட்கிறேன்."

காப்பியம் கொஞ்சமும் கலங்கவில்லை. உண்மையைச் சொன்னால், இதை எழுதிய நாளிலிருந்து அவருக்கு ஒரு எண்ணம் இருந்தது. தன்னிகரில்லாத் தலைவன் என்று இலக்கணம் சொல்லும் ஆளைச் சில்லறை எண்ணுகிறவர் எப்படி நடிப்பார்? கிரீடத்தை வாங்கித் தன் தலையில் வைத்துப் பார்த்தார். அளவெடுத்துச் செய்ததுபோல் இருந்தது.

உபரியாகத் தைத்திருந்த துணி ஒன்றைக் காசாளருக்குக் கொடுத்துவிட்டுக் காப்பியத்தின் மனைவி பார்வையாளர் வரிசைக்குப் போக முயன்றார். "நீயும் நில்லு, குரல் பத்தாது," என்று அவரையும் வேறொரு துணியோடு நிறுத்தினார் காப்பியம்.

திரையின் இடுக்கு வழியாகப் பார்த்தார். நடுவர் வந்துவிட்டார். மெத்தை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்; மீசையும் வெள்ளைச் சட்டையுமாக, மடியில் தலைமை அலுவலக முத்திரை போட்ட கோப்பு. இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திரும்பவில்லை. இலக்கணம் தெரிந்த முகம் என்று காப்பியம் நினைத்தார்.

திரும்பியபோது எதிரே ஒரு அம்மாள் நின்றார். நரைத்த தலை, தடித்த கண்ணாடி, தோளில் பை.

"இங்க யாருப்பா பொறுப்பு?"

"நான்தாம்மா. வாங்க, உங்களைத்தான் எதிர்பார்த்துட்டு இருந்தேன்."

"எத்தனை மணிக்கு ஆரம்பிப்பீங்கன்னு..."

"நீங்க போய் நின்னதும் ஆரம்பம்."

"நிக்கணுமா? நான் எதுக்கு..."

"எல்லாம் சொல்லிட்டாங்கம்மா. உங்களுக்குத் தனியா துணி தச்சு வச்சிருக்கேன்."

அம்மாள் துணியைப் பார்த்தார். வரிசை கட்டி நின்ற கூட்டத்தைப் பார்த்தார். "இத்தனை பேரா குழுவுல? மந்திரி எங்க? தூதன் எங்க? எல்லாரும் இங்கயே நின்னா நாடகத்தை யாரு நடத்துறது?"

மேலாளர் சரியாகத்தான் சொல்லியிருந்தார். காப்பியம் பொறுமையாகச் சிரித்தார்.

"அம்மா, இது பழைய மரபு. சொன்னாப் புரியாது. பக்கத்துல இருக்கறவங்க என்ன சொல்றாங்களோ அதைச் சொல்லுங்க. அவங்க கை தூக்கினா தூக்குங்க. நடுவுல கேள்வி மட்டும் வேண்டாம்."

அம்மாள் அவரை வெகுநேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டு, துணியை வாங்கித் தலையில் போட்டுக்கொண்டார். இரண்டாவது வரிசையில் தட்டச்சருக்கும் வாடிக்கையாளரின் மைத்துனருக்கும் நடுவில் அவருக்கு இடம் கிடைத்தது.

திரை விலகியது.

காப்பியம் மன்னனாக நடுவில் நின்றார். அவருக்குப் பின்னால் நகரம் முழுவதும் நின்றது. முதல் தனிமொழியை அவர் நடுவரின் முகத்தைப் பார்த்தே சொன்னார். நடுவர் அசையவில்லை. குழு "அந்தோ" என்றது. கூட்டம் அமைதியானது. எல்லாம் எழுதியபடி போயிற்று.

"என்னை எச்சரித்தவர் எவருண்டு?" என்று மன்னன் கை விரித்தான்.

குழு மௌனமாக இருக்க வேண்டிய இடம். இரண்டாவது வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"எத்தனை பேர் சொன்னோம்?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். மன்னன் காதில் விழாதது போலத் தொடர்ந்தான். "கரை உயர்ந்தால் என் சிலை மறையும். சிலை மறைந்தால் யார் என்னை அறிவார்?"

"இப்ப மட்டும் யாருக்குத் தெரியும்?" என்றது அதே குரல்.

இந்தமுறை தட்டச்சரும் சேர்ந்துகொண்டார். அடுத்த வரிக்கு ஆய்வாளர் சேர்ந்தார். மன்னன் ஒன்று சொல்வான். அந்தக் குரல் ஒன்று சொல்லும். நகரம் அதைப் பிடித்துக்கொண்டு ஒரே குரலில் திருப்பிச் சொல்லும். காசாளர்தான் எல்லோரையும்விட உரக்கச் சொன்னார். மனைவியின் குரலும் அதில் தனியாகக் கேட்டது என்று காப்பியத்துக்குத் தோன்றியது.

பொறுத்துப் பார்த்தார். முடியவில்லை. மன்னன் சுழன்று திரும்பி, இரண்டாவது வரிசையைப் பார்த்து விரலை நீட்டினான்.

"சும்மா இரு."

அரங்கம் உறைந்தது. பிறகு அந்தக் குரல் மெதுவாகச் சொன்னது, நகரம் முழுவதும் அதன் பின்னால் சொன்னது:

"சும்மாதானே இருந்தோம், இத்தனை காலமும்?"

கைதட்டல் கூரையை முட்டியது. காப்பியம் அந்த வரியைத் தானே எழுதியதாக அந்தக் கணமே நம்பத் தொடங்கினார். திரும்பி நடுவரைப் பார்த்தார். நடுவரின் தோள்கள் குலுங்கின. கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார், மறுபடி துடைத்தார். இரக்கமும் அச்சமும். அவல நாடகம் பார்ப்பவன் மனதில் எழுப்ப வேண்டிய இரண்டும் முன்வரிசை நடுவில் எழுந்துகொண்டிருந்தன. கரும்பலகையின் வாசம் மூக்கில் அடித்தது.

ஆறு வந்தது. மன்னன் மூழ்கினான். தெய்வம் இறங்கத் தொடங்கி நடுவழியில் நின்றது. அங்கி ஏணி ஆணியில் மாட்டிக்கொண்டது. மேலாளர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "யாராவது பிடிங்கப்பா," என்றார். எதையும் செய்யாமல் நிற்பதுதான் குழுவின் இலக்கணம். "பார்த்துட்டு நிக்காதீங்க, போய்ப் பிடிங்க," என்று இரண்டாவது வரிசைக் குரல் அதட்டியதும் நகரமே ஓடிப்போய் ஏணியைப் பிடித்து, தெய்வத்தை முழங்காலைப் பற்றி இறக்கிவிட்டது. பார்த்தவர்கள் எழுந்து நின்று தட்டினார்கள்.

திரை மூடியது. கறுப்புத் துணிகள் ஒன்றையொன்று கட்டிக்கொண்டன. மூழ்கிய மன்னனை யாரும் தேடவில்லை. அவரே எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டார்.

தரையைத் தொட்ட மகிழ்ச்சியில் மேலாளர் அவர் கையைப் பிடித்தார். "பிரமாதம் சார். பாவம், அத்தைக்குத்தான் கொடுத்து வைக்கல. உடம்பு முடியலன்னு கடைசி நேரத்துல போன் பண்ணிட்டாங்க. ஏணியில ஏறிட்டேனா, உங்ககிட்ட சொல்ல முடியல."

"அதனாலென்ன சார்," என்றார் காப்பியம். பாதிதான் காதில் விழுந்தது. கண் முன்வரிசையில் இருந்தது. கிரீடத்தோடு கீழே இறங்கி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு மெத்தை நாற்காலிக்குப் போனார்.

மீசைக்காரர் இன்னும் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, நீங்க கண் கலங்கினதை மேடையிலிருந்தே பார்த்தேன்," என்றார் காப்பியம். "எந்த இடம்னு தெரிஞ்சுக்கலாமா?"

"அந்த அம்மாவைப் பார்த்து விரலை நீட்டி 'சும்மா இரு'ன்னு அதட்டினீங்களே, அங்கதான். அடக்க முடியல சார்."

"அது பிரதியில இல்லாதது. நடிப்போட வேகத்துல வந்தது. மதிப்பெண் போடும்போது அதையும் கணக்குல எடுத்துக்குவீங்கன்னு நினைக்கிறேன்."

மீசைக்காரர் எழுந்து கோப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"நான் எங்க சார் மதிப்பெண் போடறது? நான் நடுவரம்மாவோட டிரைவர். 'இடம் பிடிச்சு வை, எத்தனை மணிக்கு ஆரம்பிக்கிறாங்கன்னு கேட்டுட்டு வந்துடறேன்'னு உள்ள போனவங்களைத்தான் நீங்க துணியைப் போர்த்தி ரெண்டாவது வரிசையில நிறுத்திட்டீங்களே."